முப்பது பாகை

நாலு மாசம் முடிஞ்சுது.
தையல் வடு வெளுத்து, வடிவாயும் இருக்கு.
உள்ளுக்க மட்டும் ஆரோ ஒராள்
லாம்பை நூராமல் முழிச்சிருக்கிறார்.

பின்னேரம் ஆறு மணிக்கு
ரெண்டு முழங்காலிலும் புறங்கையை வைச்சுப் பாக்கிறன்.
இடது, பானைத் தண்ணி.
வலது, இப்பதான் இறக்கின கேத்தில்.
"ஆறு மாசம் மட்டும் சூடு இருக்கும்" எண்டார் டொக்டர்.
"காச்சல் வந்தா உடன வாங்கோ" எண்டும் சொன்னார்.
இந்த ரெண்டு வசனத்துக்கும் நடுவில
நான் நித்திரை கொள்ள வேணும்.

ஒன்பது வருசம் முழங்காலில நிண்டு உழைச்சனான்.
முகமாலை வெய்யில். நெஞ்சுக் கவசம்.
கருவி கத்தின இடத்தில சிவப்புக் கம்பு நட்டு
முப்பது பாகை சரிவில
மண்ணைப் பக்கத்தால சுரண்டிச் சுரண்டி.
நூறு தரம் கத்தினால்
தொண்ணூறு தரம் ஆணி, மீன்ரின் மூடி,
ஆரோ ஓடின சைக்கிளின்ர செயின்.
மிச்சத்தைச் சாப்பாட்டு நேரம் கதைக்கிறேல்லை.

இப்ப இரும்பு என்ர காலுக்க.
சுகந்தமலர் வந்து சிரிச்சாள்:
"உன்னை இனிக் கருவிக்குக் கிட்ட விடேலாதடி,
சும்மா கிடந்தாலே கத்தும்."
நானும் சிரிச்சன்.
அவள் படலை தாண்டினதும்
கத்தத் தொடங்கிச்சு.

முந்தநாள் பேனையால
சிவந்த இடத்தைச் சுத்திக் கோடு கீறினன்.
பழைய பழக்கம். எல்லை போட்டால் பாதிப் பயம் போகும்.
விடியப் பாத்தால்
வேர்வையில கோடு கரைஞ்சு போச்சு.
பரவினது சிவப்போ, மையோ?
"என்னம்மா பாக்கிறியள்?" எண்டாள் நிருத்திகா.
நுளம்பு கடிச்சது எண்டன்.

கிருமி எண்டால் திரும்பக் கழட்டுவினமாம்.
கழட்டி, மருந்துச் சீமெந்து வைச்சு,
கிழமைக் கணக்கில கட்டிலில கிடத்தி,
பிறகு புதுசு பூட்டுவினமாம்.
பக்கத்துக் கட்டில் கொக்குத்தொடுவாய் மனிசி சொன்னவ.
நான் கேட்டிருக்கக் கூடாது.

இண்டைக்கு முத்தையன்கட்டில இருந்து முதல் பஸ்.
கால் நீட்ட இடமில்லாத சீற்.
ரத்தம் பாத்தாச்சு.
"சீ.ஆர்.பி. கொஞ்சம் கூட" எண்டு எழுதிக் கிடக்கு.
கொஞ்சம் எண்டால் ஆணியோ,
மற்றதோ?

நீர் எடுத்துப் பாக்க
சின்ன டொக்டர் ஊசியோட வாறார்.
கையுறைக்குள்ள அவற்ற விரல் லேசா நடுங்குது.
என்ர வாய்
என்னைக் கேக்காமலே சொல்லுது:
மேலால வேண்டாம் தம்பி.
பக்கத்தால.
மெல்ல.