சும்மாவுக்கு ஒரு ரிக்கற்

"கிளிநொச்சியிலை ஆர் இருக்கினம்?"
என்றார் யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் ரிக்கற் கொடுப்பவர்.
ஒருவரும் இல்லை என்றேன்.
"பின்னேரமே திரும்பி வாறியள்?"
ஓம்.
"அலுவல்?"
சும்மா.
அந்தச் சொல்லுக்குத் தன்னிடம் மிச்சக்காசு இல்லாததுபோல
கொஞ்சநேரம் பார்த்தார்.
பிறகு தள்ளிவிட்டார்,
போக ஒன்று, வர ஒன்று.

முழுக்கச் சும்மா இல்லைத்தான்.
நகானோ மலைக்குள் ஒரு முதியோர் இல்லத்தில்
இரவுவேலை செய்கிற ஜெசிந்தாவும் நானும் பேசிக்கொண்டது:
ஒரே ஞாயிறு.
அங்கே அவள் ஒரு ரயில், இங்கே நான் ஒரு ரயில்.
ஏறுவது, பார்ப்பது, திரும்புவது.
ஆருக்கும் எதுவும் வாங்கி வரக்கூடாது.

ஆறு நாளும் ஸ்ரான்லி வீதியில்
மற்றவர் கண்ணுக்கு வில்லை தேய்க்கிறேன்.
தூரப்பார்வை விற்றுத்தான் பழக்கம்.

புங்கங்குளம் தாண்டமுன் அவள் குரல் வந்தது:
"எடியே, ஒரேயொரு பெட்டி.
ஓட்டுறவர் வெள்ளைக் கையுறை போட்டிருக்கிறார்.
சிக்னல் வர வர விரலை நீட்டி
தனக்குத்தானே உரத்துச் சொல்லுறார்.
பச்சை, சரி. வளைவு, சரி. நேரம், சரி.
ஒருத்தரும் சிரிக்கேல்லை.
எனக்கு அழுகை வந்திட்டுது, ஏனெண்டு கேளாதை."

கேட்கவில்லை.
நாவற்குழியில் யன்னலுக்குக் கீழே
ஒளித்து விரலை நீட்டினேன்.
பாலம், சரி.
இடுப்பளவு தண்ணீரில் வலையோடு ஒருவர், சரி.
தச்சன்தோப்பு மேடையில் ஆடு, சரி.

முன் இருக்கையில் ஒரு பொடியன்,
முன்பல் இரண்டு இல்லை, போத்தலில் பெயர்: ஆதிஷன்.
"என்ன செய்யிறியள்?"
ரயில் ஓட்டுறன்.
அது அவனுக்குப் போதும்.
"காகம், சரி! மோட்டச்சைக்கிள், சரி!
கேற்றடியிலை நிக்கிற அங்கிள், சரி!
அங்கிளின்ரை வண்டி, சரியில்லை!"
தாய் அவன் தொடையில் கிள்ளினாள்,
தானும் சிரித்துக்கொண்டு.

மிருசுவில் கழியத் தலையில்லாத பனைகள்.
எண்ணத் தொடங்கினான், விட்டுவிட்டான்.
எழுதுமட்டுவாளுக்கு அங்கால்
கம்பியில் சிவப்புப் பலகைகள்,
மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு.
என் விரல் கண்ணாடிவரை போனது.
வாய் போகவில்லை.
அவன் என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான்.
அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும்.
"பாத்தாச்சு" என்றான் மெல்ல.
சரி என்று சொல்லவில்லை.
பாத்தாச்சு.

பளையில் காற்றாடிகள்.
"ஒண்டு சுத்தேல்லை, எழுதி வையுங்கோ."

ஆனையிறவில் பெட்டி முழுதும் பேச்சு நின்றது.
இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நாங்கள்.
உப்புப் பாத்திகளில் வானத்தைச்
சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தார்கள்.
வடைக் கூடைக்காரரும் கதவில் சாய்ந்து
விற்க மறந்து நின்றார்.
கடையில் நாங்கள் ஆறு மீற்றருக்கு மேல் காட்டுவதில்லை.
இங்கே வாசிக்க ஒரு எழுத்தும் இல்லை,
கண் போய்க்கொண்டே இருந்தது.

கிளிநொச்சியில் ஆதிஷன் கைகாட்டாமலே இறங்கி ஓடினான்.
நான் வாங்கிலில் இருந்து
இரண்டு பிளேன்ரீ குடித்தேன்.
மூன்றாவதுக்கு முன் அவள்:
"நித்திரை கொண்டிட்டனடி.
பெரிய பாலம், ஆறு, பனி, எல்லாம் போட்டுது.
கடைசி ஸ்ரேசனிலை அந்த வெள்ளைக் கையுறைதான் எழுப்பினது.
நான் நித்திரை கொண்டதுக்கு
அவர் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டார்!
நீ என்ன பாத்தனி?"

திரும்பும்போது மற்றப் பக்க யன்னல்.
போனை வாயருகே பிடித்து,
இந்தமுறை ஒளிக்காமல், விரலை நீட்டினேன்.
பரந்தன், சரி.
உப்பு மங்குது, சரி.
கொக்கு ஒண்டு, ஒற்றைக்கால், சரி.
பளை கழிய நன்றாய் இருட்டிவிட்டது.
கண்ணாடியில் என் முகமும் மின்குமிழும்தான்.
ஜெசிந்தா, இந்த இடத்திலை பலகையள் இருக்கு,
தெரியேல்லை, ஆனா இருக்கு.

"ஆரோடை கதைக்கிறியள்?"
வெறுங் கூடையோடு அதே மனுசன்.
ஜப்பானோடை.
கொஞ்சம் யோசித்தார்.
குனிந்து, போனுக்குள், ஊர் தாண்டிக் கேட்கும்படி,
கூடையைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்:
"வடை முடிஞ்சுது. சரி."