எண்பது பிக்சல் நெருப்பு

கதிரொளி ஹீட்டிங் அனுப்பும்
எல்லா மெயிலின் அடியிலும்
நெருப்பு எரிந்தது.

வட்டத்துக்குள் வீடு, வீட்டுக்குள் சுவாலை,
அதைச் சுற்றி ஒரு பொன்நிற நாடா,
நாடாவில் வளைந்து வளைந்து
எங்கள் தொலைபேசி எண்.
குகதாசன் அண்ணரின் மைத்துனர் மகன்
மிசிசாகாவிலிருந்து கீறி அனுப்பியது.
நானூறு டொலர். சொந்தக்கார விலை.

"வடிவாத் தெரியவேணும் பிள்ளை,
இன்னும் கொஞ்சம் பெருப்பியும்."
பெருப்பித்தேன்.
'ஓகே' என்று ஒற்றைச் சொல் எழுதினாலும்
அதற்குக் கீழே
ஒரு கதவளவு தீ.

கையெழுத்து என்கிறார்கள் இதை.
கையும் இல்லை, எழுத்தும் அதிகமில்லை.
கையெழுத்து அழகாயிருந்தால்
தலையெழுத்து சரிவராதாம்.
என்னுடையது கோழி கிளறினது,
அந்தத் தைரியத்தில்தான்
இத்தனை வருடம் ஓடியது.

ஜனவரி. எட்மன்டன். மைனஸ் முப்பத்திநாலு.
கார்கள் எல்லாம் மூக்கில் வயர் செருகி
அவரவர் சுவரில் கட்டப்பட்டு நின்றன.
நூற்றுப் பதினெட்டாம் அவெனியூவில்
ஒலேனா ஹ்ரிசாக்கின் ஃபர்னஸ்
மூன்று தரம் சிமிட்டி அணைந்தது.

எழுதினார்.
மாடல் தகட்டைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றேன். நெருப்பு.
அனுப்பினார்.
கிடைத்தது, நன்றி என்றேன். நெருப்பு.
யாராவது வருவார்களா என்றார்.
காலை எட்டுக்கு மரியநேசன் வருவார் என்றேன். நெருப்பு.
இரவு தாங்காதே என்றார்.
அப்படியென்றால் கீழே உள்ள
இருபத்திநாலு மணிநேர எண்ணுக்கு அழையுங்கள் என்றேன்.
நெருப்பு.
படுக்கப் போனேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு மெயில்
வந்து கிடந்ததைக் காலையில் பார்த்தேன்.
"எந்த எண்?"

மரியநேசன் பிழையான போர்டோடு போய்
வெறுங்கையோடு திரும்பினான்.
இணைப்புகளில் மூன்றைத் திறந்தானாம்.
இமேஜ்001 நம்முடைய லோகோ.
இமேஜ்002 நம்முடைய லோகோ.
இமேஜ்003ம் அதுவே.
நாலாவதைத் திறக்கப் பொறுமையில்லாமல்
குத்துமதிப்பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.
நாலாவதில்தான் தகடு இருந்தது,
பளிச்சென்று, ஃபிளாஷ் வெளிச்சத்தில்,
ஓரத்தில் அவருடைய கட்டைவிரலோடு.

வேலை முடியப் பின்னேரம் நாலு மணி.
மெயில்கள் பதினேழு.
மேலிருந்து கீழே உருட்டினால்
தீமிதித் திடல்.

மன்னிப்புக் கேட்க அழைத்தேன்.
கோபமாய்ப் பேசவில்லை அவர்.
ராத்திரி அவனை மூட்டிக் கதவைத் திறந்து வைத்தேன் என்றார்,
பூனையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன் என்றார்.
"உங்கள் மெயிலின் அடியில்
ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது.
மூலையில் கிழிந்த படம்போல ஏதோ.
என் போனில் படங்கள் வராது."

அத்தனை நெருப்பில்
ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

மறுநாள் அண்ணர் சாப்பிடப் போன நேரம்
எண்ணை நாடாவிலிருந்து இறக்கி
எழுத்தாக, விரல் பட்டால் அழைக்கும்படி,
பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பதில் மெயில்களில் படமே வேண்டாம்.
முதல் மெயிலில் மட்டும், எண்பது பிக்சல்,
ஒரு தீக்குச்சித் தலை.

ஒரு சின்னக் கட்டம் திறந்து கேட்டது:
படம் தெரியாவிட்டால்
அங்கே என்ன தெரிய வேண்டும்?

நிறுவனப் பெயரைப் போட்டேன்.
போதாது போலிருந்தது.
'வெப்பத்தின் நண்பன்' என்ற எங்கள் வாசகத்தை
அடித்தேன், அழித்தேன்.
வெளியே யாரோ ஜன்னல் பனியைச் சுரண்டும் சத்தம்.
'கதிரொளி ஹீட்டிங். வருகிறோம்.'
என்று எழுதிச் சேமித்தேன்.

அண்ணர் வந்து கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"உதென்ன, கடுகு மாதிரிக் கிடக்கு?"
கடுகென்றது அவர்தான்.
மீதியை நான் சொல்லவில்லை.

ஒலேனாவின் பில்லில்
ஒரு மணிநேரத்தைக் குறைத்தேன்.
அதையும் சொல்லவில்லை.