ஒருக்களித்தது

நாற்பத்தோராவது வலை.
ஆழம் அறுநூற்று நாற்பது மீட்டர்.
ஹார்ன் முனைக்குக் கிழக்கே, காற்றின் வேகம் எட்டு.
இதுவரை படிவம் நிரம்பிவிட்டது.

வலையின் வால்முடிச்சை அவிழ்த்ததும்
மெர்லூசாக்கள் கொட்டின,
வாய்வழியே வயிறு பிதுங்கி,
கண்கள் தெறித்து.
மேலே வர வர
உள்ளிருக்கும் காற்றே அவற்றை ஊதிக் கொன்றுவிடும்.
நான்கு டன் திகைப்பு
பெல்ட்டில் நகர்ந்து போனது.

அடியில் ஒட்டிக்கிடந்தது இது.
தரை துடைத்துப் பிழியாமல் போட்ட துணி என்று நினைத்தேன்.

விளக்குக்கு நேரே தூக்கினால்
முள் அத்தனையும் எண்ணலாம்.
செவுளுக்குப் பின்னால்
பக்கத்துடுப்பு இருக்கவேண்டிய இடத்தைக்
கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினேன்.
தழும்புகூட இல்லை.
‘கையற்றது’ என்று எழுதினேன்.
எழுதிவிட்டு, கொஞ்ச நேரம்
நானும் அப்படியே நின்றேன்.

“பொரித்தால் எண்ணெயில் தண்ணீர்தான் மிஞ்சும்”
என்றார் சமையல்காரர் ஓயார்சுன்.
“பேரென்ன?” என்று கேட்டேன்.
“விலை இல்லாததற்குப் பேர் எதற்கு, காகிதக்காரி?”
கத்தியை நிறுத்தாமல் சொன்னான் நாவெல்கின்.
சிலோயே தீவுக்காரன்.
அரசாங்கம் அனுப்பிய ஆளிடம்
இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுகிறவன் இல்லை.

அப்போது அது வாயைத் திறந்தது.

ஒரே கன்னத்தில் இரண்டு கண்கள்.
ஒன்று விளக்கைப் பார்த்தது,
ஒன்று என்னை.
காற்றுப்பை இல்லாத உடம்பு;
வெடிப்பதற்கு உள்ளே ஏதுமில்லாமல்
அத்தனை ஆழத்தையும் ஏறி
உயிரோடு வந்திருக்கிறது.

குஞ்சாக இருந்தபோது நிமிர்ந்துதான் நீந்தியிருக்கும்,
கண்ணாடிச் சில்லு மாதிரி,
பக்கத்துக்கு ஒரு கண்ணோடு.
ஏதோ ஒரு வாரத்தில் வலக்கண் புறப்பட்டது.
மண்டையோடு வளைந்து வழிவிட்டது.
வாய்க்கு மட்டும் கிளம்ப மனமில்லை,
கோணிக்கொண்டது.
பிறகு படுத்தது.
படுத்ததுதான்.

எனக்கும் தெரியும் அது.
இந்தக் கப்பலின் ஆட்டத்தில்
இடப்பக்கம் மட்டும்தான் தூங்க முடியும்:
முதுகு சுவரில், முட்டி பலகையில்.
ஐம்பத்திரண்டு இரவுகளாக
என் இடது காது எஞ்சினுக்குச் சொந்தம்.
புன்தா அரேனாஸில், அகலக் கட்டிலிலும்
ஒருக்களித்தே கிடப்பேன்.
“இடம் நிறைய இருக்கிறதே” என்பான் அபெலார்தோ,
யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல.

படிவத்தில் நீளம் உண்டு, எடை உண்டு,
பால் உண்டு,
‘வைத்துக்கொண்டது’, ‘வீசியது’ உண்டு.
உயிரோடு என்பதற்குக் கட்டம் இல்லை.

முப்பத்தொரு சென்டிமீட்டர் என்று நான் சொல்ல
நாவெல்கின் கத்தியை வைத்துவிட்டு
நண்டுத் தொட்டியில் கடல்நீர் பிடித்தான்.
எதுவும் பேசவில்லை.
வெளியே பெட்ரல்களும் ஆல்பட்ராஸ்களும்
கந்துவட்டிக்காரர்களைப் போல
கழிவுக்குழாயைப் பார்த்து மிதந்தன.
தலையும் குடலும் இரண்டு கூடை
இடப்புறம் கொட்டினான்.
சண்டை முழுக்க அங்கே போனது.
நாங்கள் வலப்புறம் ஓடினோம்,
தொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து,
வழுக்கி,
அவன் முழங்கை என் பல்லில் இடித்து.

நீந்தவில்லை அது.
விழுந்தது.
பழுப்பு, வெள்ளை, பழுப்பு, வெள்ளை,
பிறகு ஒரு பச்சை,
அதுவும் தண்ணீரோ என்னவோ.

வீசியது: இருநூற்றுப் பத்து கிராம்.
அப்படித்தான் எழுத முடிந்தது.

இரவுச் சாப்பாட்டில்
உருளைக்கிழங்கை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு
நாவெல்கின் கேட்டான்:
“தரை தொட்டிருக்குமா?”
உதட்டில் உப்பு எரிந்தது.
கடிகாரத்தைப் பார்த்தேன், கணக்குத் தெரிந்தவள் போல.
“இன்னும் இல்லை” என்றேன்.

ஓயார்சுன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.