மான் படம் போட்ட தகரம்

ஸ்ட்ரோம்னெஸில் ஜனவரி வெளிச்சம்
மூன்றரை மணிக்கே கடையைச் சாத்திவிடும்.
ஒரு வாரம் கப்பலில், ஒரு வாரம் கரையில் என்பது என் வேலை.
கரை வாரங்களில் கொட்டகையில் கிடக்கிறேன்,
வேனின் பின்புறம் தலையை விட்டு,
கால்கள் வெளியே குளிர.

ஞாயிறன்று எஞ்சினை இறக்கினோம்.
நாலே நாலு போல்ட்தான் என்பார்கள்.
நாலாவதைக் கையால் தொட்டவர் யாராவது
வந்து சொல்லட்டும்.
பக்கத்து வீட்டு ரோனா இஸ்பிஸ்டர் ஜாக்கைப் பிடித்தபடி
"மெல்ல, மெல்ல" என்றாள்,
என்னிடமா எஞ்சினிடமா தெரியாது.
அது பழைய கம்பளத்தில் இறங்கி
வாந்தி எடுத்த குழந்தைபோல
ஒரு கரண்டி எண்ணெய் கக்கியது.

வயர்களில் காகித நாடா ஒட்டி எழுதினேன்:
காயிலுக்கு.
ஆல்டர்னேட்டருக்கு.
விளக்குக்கு, பின்பக்கம், இடது.
ஒன்றில் மட்டும்: தெரியவில்லை.

எஞ்சின் போன இடம்
ஓர் அலமாரி அளவு.
டார்ச் அடித்தால்
நாற்பத்தொன்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு,
சுண்டெலி இழுத்துவந்த ஆட்டு ரோமம்,
ஒரு பென்னி நாணயம்,
பிறகு எங்கும் துரு.

இந்தத் தீவில் காற்றே உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை
மனிதர்களைவிட இரும்புதான்
ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது.
நினைத்து நினைத்தே உதிர்கிறது.

வலப்பக்க பேட்டரித் தட்டில்
கம்பி பிரஷ் சுழன்றது.
முதலில் கறுப்பு பெயிண்ட், அதற்கடியில் தார்,
தாருக்கடியில்
ஒரு மானின் கொம்பு.
பிறகு கண்.
பிறகு தங்க எழுத்தில் பாதி 'வெண்ணெய்'.

பிஸ்கட் டப்பா மூடி!
அமிலம் தின்ற ஓட்டையை அடைக்க
எவனோ ஒரு மடையன்
தகரத்தை வெட்டி அறைந்து வைத்திருக்கிறான்,
பதினைந்து கிலோ பேட்டரி உட்காரும் இடத்தில்.
கப்பலில் கற்ற வசவுகளை எல்லாம்
ஒன்று விடாமல் இறக்கினேன்.
ரோனா தேநீரோடு வெளியே போய்விட்டாள்.

ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுக்கும்போதுதான் பார்த்தேன்.
ஏழும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன,
இடதுகைக்காரர் அடித்தால் சாய்வதுபோல.
ட்ரில் என் இடதுகையில் நின்றது.

ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகம். மழை.
கடைசிக் கப்பலுக்கு நாற்பது நிமிடம்.
தட்டு பிய்ந்து பேட்டரி தொங்குகிறது.
எர்லண்ட் நனைந்த ரோட்டில் உட்கார்ந்து,
டப்பா காலியாக வேண்டுமே என்று
பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்க்கிறான்,
வாய் நிறைய மாவோடு "சீக்கிரம், இங்கா" என்கிறான்.
ஒரு மாதம் தாங்கும் என்றேன்.
இருபத்திரண்டு வருடம் தாங்கியிருக்கிறது.
நாங்கள் ஆறு.

தகரத்தைப் படம் எடுத்து
அபர்டீனுக்கு அனுப்பினேன், ஒரு சொல்லும் எழுதாமல்.
சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பதில் வந்தது:
பிஸ்கட் நன்றாகத்தான் இருந்தது.

அவ்வளவுதான்.
மான் குப்பை வாளியில் கிடக்கிறது,
கொம்பு மட்டும் வெளியே.

புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன்.
மருந்து தடவிய துரு
முதலில் கத்திரிப்பூ நிறம், பிறகு கறுப்பு.
பிரைமர் இரண்டு கை.
பெட்ரோல் டேங்குக்குப் பின்னால்
வெயிலே படாத ஒரு மூலையில்
பிறந்தபோதிருந்த மஞ்சள் அப்படியே இருந்தது;
அதைக் காட்டித்தான் பெயிண்ட் கலக்கச் சொன்னேன்.

"மூடியைச் சாத்தினால்
இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றாள் ரோனா.
அடுத்த தடவை
என்னைத் திட்டப்போகிற ஆள், என்றேன்.
மூலையில் பெயிண்ட் ஒரு சொட்டு வழிந்து உறைந்திருந்தது.
தேய்க்கவில்லை. திட்ட ஏதாவது வேண்டாமா.

எஞ்சின் ஏறிவிட்டது.
நாலாவது போல்ட் என் விரல் தோலைக் கொஞ்சம் வைத்துக்கொண்டது.
வயர்களை மாட்டிவிட்டேன்.
'தெரியவில்லை' மட்டும்
எதிலும் சேராமல் தொங்குகிறது.

மணி மூன்றரை.
நாளை எனக்குக் கப்பல்.