கல்பெட்டி

கஜா அடித்த மறுவாரம் ஆள் அனுப்பினார்கள்.
வெட்டாற்றங்கரை மாதா கோயில் பின்புறம்
தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து
வெள்ளைக்காரக் கல்லறையின் விலா உடைந்து கிடந்தது.
கூலி நாலாயிரம். சிமெண்டு கோயிலுடையது.

எனக்கு முன்னால் ஊரே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.
வாள் இருக்கும் என்றார்கள், பவுன் இருக்கும் என்றார்கள்.
இருந்தது செங்கல் தூள், நத்தை ஓடு,
யாரோ ஒளித்து மறந்த குவார்ட்டர் பாட்டில்.
ஆள் அதற்கும் கீழே, ஆறடி மண்ணில்.
மேலே இருப்பது
விலாசம் எழுத ஒரு பெட்டி.

விலாசமும் போய்விட்டது.
உப்புக்காற்று பெயரைத் தின்று
வயதை மட்டும் விட்டிருக்கிறது.
கோயில்பிள்ளை இஞ்ஞாசிமுத்து தடவிப் படித்தார்:
வருடம் இரண்டு, மாதம் நான்கு.
அவ்வளவு சின்னதற்கு ஆறடிப் பெட்டி.

இந்த மண்ணில் கல் விளையாது.
நெல் விளையும், உளுந்து விளையும்,
களி காலைப் பிடிக்கும்.
கல் வண்டியேறித்தான் வரவேண்டும்.
இது அரியலூர்க் கல். உடைந்த வாயில் சிப்பி தெரிகிறது,
எந்தக் காலத்துக் கடலோ.
நான் பிரித்த மூட்டையிலும் அரியலூர் என்றே அச்சு.
அங்கே பெட்டி, இங்கே பொடி.

பலகைகளைப் புரட்டினோம்.
உள்பக்கம் உளி கொத்திய எழுத்து.
ஒன்றில் க. அடுத்ததில் உ.
"பிள்ளையார் சுழிண்ணே" என்று
செருப்பைக் கழற்றினான் கையாள் வேம்பரசன்.
"கல்லறைக்குள்ளேயா?" முகம் சுளித்தார் இஞ்ஞாசிமுத்து.
மூன்றாவதைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.
வளைந்து வளைந்து ஒரு ௩.
சுழி இல்லைடா, கணக்கு.
எந்தப் பலகை எங்கே என்று
எவனோ தனக்காகக் குறித்துக்கொண்டது.
பக்கத்தில் சுண்ணாம்பில் நாலு விரல் அழுத்தம்,
துடைக்காமல்,
பார்க்க ஆள் வராது என்ற தைரியத்தில்.
என் கையை வைத்துப் பார்த்தேன்.
அவன் சுண்டுவிரல் குட்டை.

அவன் கணக்குப்படி வைத்தால்
ஒன்றும் மூன்றும் இடம் மாறவேண்டும்,
பெயர்ப் பலகை ஆற்றைப் பார்க்கும்.
இத்தனை காலம் ரோட்டைப் பார்த்து நின்றது
எந்தத் துரை சொல்லியோ.
மூடி ஒரு மூலையில் ஆடியது அதனால்தான்.
ஆடு ஏறினால் டொக் டொக் என்று கேட்குமாம்.
பிள்ளை தட்டுகிறது என்பார்கள் தெருவில்.

ஆற்றைப் பார்த்தே வைத்தேன்.
இஞ்ஞாசிமுத்து ஒன்றும் சொல்லவில்லை.
சாயங்காலம் ஒரு வெள்ளாடு மூடிமேல் தாவியது.
மூன்று பேரும் கை கழுவாமல் நின்றோம்.
சத்தம் வரவில்லை.

வேம்பரசன்தான் கேட்டான்,
இனிமே அது எப்படிண்ணே கூப்பிடும் என்று.