மயில்கழுத்து நிறத்தில் ஓர் ஈ

மேட்டூரை அடைத்து முப்பது நாளாகிறது.
வாய்க்காலுக்குள் நடந்தே போகலாம்,
செருப்பில் சேறு ஒட்டாது.
மன்னார்குடி நகராட்சிப் பூங்காக் குளத்தில் மட்டும்
இடுப்பளவு தண்ணீர்,
அதன்மேல் மாசிப் பனி,
பனிக்கு மேலே நடைப்பயிற்சிக்காரர்களின் குரங்குக் குல்லாக்கள்.

ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுவேன்.
ஒன்பதுக்குக் கடை திறக்க வேண்டும்.
கோமதி லேடீஸ் டெய்லர், ஆரி வேலை செய்து தரப்படும்.
கோமதி எனக்கு முன்னால் கடை வைத்திருந்தவள்.
பெயரை மாற்ற
பலகைக்காரன் ஆயிரத்து எண்ணூறு கேட்டான்.

கழி, தம்பி சிங்கப்பூரில் வாங்கியது.
அங்கே அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.
ஊருக்கு வந்து
சீட்டு, சம்பந்தி, செப்டிக் டேங்க் என்றானபின்
பரணில் போட்டுவிட்டான்.
அதன் கயிறு தடிமன், மஞ்சள்.
எனக்கும் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது, ஏழு வருஷம்.
இது சொன்ன இடத்தில் போய் விழுகிறது.

புழு கிடையாது, மைதா உருண்டை கிடையாது.
ராத்திரி கடைசிக் கொக்கியைத் தைத்தபின்
முள்ளை மெஷின் பாதத்தில் கவ்வ வைத்து
ஈ கட்டுவேன்.
நிஜாமுதீன் கறிக்கடைச் சேவலின் கழுத்து இறகு இரண்டு,
உடம்புக்கு
அன்றைக்கு மிஞ்சிய நூல்.

தாசில்தார் வீட்டம்மாவின் அரக்குப் பட்டு
என் டப்பாவில் வண்டாக இருக்கிறது.
நர்ஸ் எஸ்தரின் வெள்ளை, கொசு.
மயில்கழுத்து ஈ
தாம்பூலப் பையெல்லாம் அச்சடித்தபின் நின்றுபோன
ஒரு கல்யாணத்தின் ரவிக்கை.
வாங்க யாரும் வரவில்லை.
ஹேங்கரில் தொங்குகிறது, முதுகில் இரண்டு அன்னத்தோடு.

தலைக்கு மேல் கயிற்றைச் சுழற்றினால்
"காக்கா வெரட்டுறியாம்மா?" என்பார்
வாட்ச்மேன் பக்கிரிசாமி.
புங்கம்பூ ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் உதிரும்.
சிலேபி மேலே வந்து வாயில் வாங்கி,
பூ என்று தெரிந்து துப்பும்.
அந்தத் துப்பலுக்குப் பக்கத்தில்
என் கொசுவை இறக்க வேண்டும்,
சத்தமில்லாமல், கொக்கிக்கு ஊசி இறக்குவதுபோல.

உள்ளங்கை அகலம் ஒன்று வந்தது.
முள்ளைக் கழற்றித் திரும்ப விட்டேன்.
"புடிச்சு உடுறதுக்கா இம்புட்டு?
குத்தகைக்காரரு பாத்தா
உட்டதுக்கும் சேத்துக் காசு கேப்பாரு."
அவருக்கு வருத்தம், எனக்காக இல்லை, புளிக்காக.

மாசி கடைசி வெள்ளி
மயில்கழுத்தைப் போட்டேன்.
ஆகாயத்தாமரையின் ஓரம் ஒரு விரால்,
குளமே ஒருமுறை புரண்டு படுத்த மாதிரி.
கயிறு இழுத்தது, பிறகு இழுக்கவில்லை.
நரம்பு நுனி சுருண்டு வந்தது.
"போச்சா?" என்றார். போச்சு.

பங்குனி இரண்டாம் வாரம்
மோட்டார் வைத்துக் குளத்தை இறைத்தார்கள்.
ஞாயிறு பந்தலடியில்
அலுமினியக் குண்டானில் உயிரோடு கிடந்தது அது.
கீழுதட்டில் என் முடிச்சு,
நூல் பாதி பிரிந்து
மீசைபோல் ஆடிக்கொண்டு.

"அந்த முள்ளு என்னுது."
"வாயோட சேந்ததுதான் முள்ளு. கிலோ அறநூறு."
எடைபோட்டாள், ஈயோடு.
"வெட்டவா?"

கொஞ்சம் யோசித்தேன்.
விடலாம் என்றால் எங்கே விடுவது?
குளத்தில் பையன்கள் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள்.
ஆற்றில் தண்ணீர் வர ஜூன் ஆகும், வந்தால்.

குழம்பு நன்றாக இருந்தது. கொஞ்சம் புளி தூக்கல்.

மறுநாள் மத்தியானம் வந்தாள்,
ஹேங்கரில் தொங்கியதன் சொந்தக்காரி.
சித்தி மகள் கல்யாணத்துக்குப் போட வேண்டுமாம்.
"ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் பிரிச்சு விடுங்கக்கா.
நல்லா சாப்பிடுறேன் இப்ப."
முதுகில் ஓர் அன்னத்துக்குக் கழுத்து முடியவில்லை,
அன்றைக்கு ஆர்டர் நின்ற இடம்.

அந்த நிறத்தில் கடைத்தெருவில் நூல் இல்லை.
நான்கு கடையில் கேட்டாயிற்று,
எல்லாரும் கிளிப்பச்சையை நீட்டினார்கள்.

ஊசிமெத்தையில் குத்தி வைத்திருந்த ஈயை எடுத்து
மூக்கருகே கொண்டுபோனேன்.
சோப்புத் தண்ணீரில் இரண்டு அலசு அலசினால்
ஒரு முழம் தேறும்.