வெளியே போனது - 1

இரவு பத்தரைக்கு நான் வேலைக்கு இறங்கும்போது
ஊர் முழுக்க எதிரே வருகிறது.
நிலாவெளிக் கடைசி பஸ், கடை பூட்டிய சைக்கிள்கள்,
பஸ் நிலையத்தில் பொலித்தீன் மென்று முடித்த மான்கள்,
எல்லாம் படுக்கையை நோக்கி.
நான் கொட்பேக்கு,
ஐஸ் ஆலையின் கணக்குக் கொப்பிக்கு.

ஒரு கட்டி இருபத்தைந்து கிலோ.
தகர அச்சிலிருந்து கழன்று விழுகையில்
தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம்.

நேற்று நிஃமத்துல்லா போனை நீட்டினான்.
"அக்கா, ஒங்கட ஆளொண்டக் கண்டுபுடிச்சிரிக்காங்க."

நெப்டியூனுக்கும் அப்பால் ஒரு பனிக்கட்டி.
இங்கிருந்து வவுனியா வரை வரும் பருமன்.
பெயர் கிடையாது,
வாகன இலக்கத்தகடுபோல நாலு எழுத்து, மூன்று எண்.
கோள்கள் ஓடும் தட்டையை விட்டுச்
செங்குத்தாய் ஏறி, கவிழ்ந்து,
அவை போகும் திசைக்கு எதிரே போகிறதாம்.
யார் தள்ளிவிட்டார்கள் என்று
படித்தவர்களுக்கும் பிடிபடவில்லை.

வக்கிரம்.
என் குறிப்பைப் பார்த்த சாத்திரியின் அதே சொல்.
ஏழாமிடத்துச் சனி வக்கிரம் என்றார்.
மாமி அதை மீன்முள்ளாய்ப்
பல்லிடுக்கில் வைத்துக்கொண்டா.
அக்கினியை நான் வலமாகத்தான் சுற்றினேன்,
மூன்று தரமும்.
நாலாம் வருசம் ஒரு பாக்கோடு
அன்புவழிபுரத்திலிருந்து திரும்பி நடந்தேன்.

சனியின் வக்கிரம் வெறும் தோற்றம், தெரியுமா?
நாம் முந்தும் பஸ் பின்னால் போவதுபோல.
பாவம் சனி, அது நேரேதான் போகிறது.
இந்தக் கட்டி அப்படியில்லை.
இது மெய்யாகவே எதிர்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
கொம்பிரசர் மூச்சடங்கியது.
இருட்டில் அறுபது கட்டிகள் வியர்க்கத் தொடங்க
இறங்குதுறைக்கு வந்தோம்.
கச்சான் காற்றில் டீசல் மணம்.
"எங்க இரிக்கி?" என்று அண்ணாந்தான்.
கண்ணுக்குத் தெரியாது.
கடற்படையின் தொலைநோக்கியை
இரவல் தந்தாலும் தெரியாது.

அதன் ஒரு வருடம் எங்கட ஐந்நூறு.
போனமுறை அது இதே மூலையில் நின்றபோது
கோணமலையில் பறங்கி கால்வைக்கவில்லை.
கோட்டை இல்லை, எண்ணெய்க் குதங்கள் இல்லை.
இந்தக் குடாவில் ஒருவரும்
ஐஸைக் கண்டதே இல்லை.

நிஃமத் உயர்தரக் கணிதம் மூன்றாம் தரம் எழுதுகிறவன்.
ஈரச் சீமெந்தில் போன் வெளிச்சத்தைச் சூரியனாய் வைத்தான்.
சோடா மூடிகள் கோள்கள்.
"துருவ நட்சத்திரத்தில ஏறி நிண்டு குனிஞ்சு பாத்தா,
பூமி இப்பிடி, வியாழன் இப்பிடி, சனியும் இப்பிடி..."
மணிக்கூட்டு முள்ளுக்கு மாறாகச் சுழன்றது விரல்.

கொஞ்சம் பொறு, என்றேன்.
செருப்பைக் கழற்றினேன்.
கோயிலில் நடப்பதுபோல
வெளிச்சத்தை வலக்கைப் பக்கம் வைத்து
ஒரு சுற்று வந்தேன்.
அவன் மூடிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

எட்டுக் கோளும் சூரியனை இடம் வருகின்றன.
வலம் வருவது
அந்தப் பெயரில்லாத கட்டி.

சிரிப்பு வந்தது.
தண்ணீருக்குள் ஏதோ துள்ளி விழும் அளவுக்கு.
"ஆனா அக்கா, தெக்கால நிண்டு பாத்தா மாறிடும்,"
நேர்மையான பொடியன்.
பரவாயில்லை, நான் உப்புவெளிக்காரி,
ஊருக்கு வடக்கேதான் நிற்பேன்.

நாலுக்குக் கரண்ட் வந்தது.
பதினொரு கட்டிகள் விளிம்பு கரைந்திருந்தன.
பத்தை அரைக்க அனுப்பினோம்.
ஒன்று, நடுவில் வெடித்தது,
கைநழுவித் துறையடியில் விழுந்து
ஒருதரம் அமிழ்ந்து மிதந்தது.

பலநாட் கலங்கள் வரிசையாய் உள்ளே வர
அவற்றின் விளக்குகளுக்கு நடுவே
வற்று நீரோடு
அது குடாவின் வாயை நோக்கிப் போனது.

கொப்பியில் அதற்கு ஒரு நிரல் இல்லை.
விற்பனை இல்லை, கழிவும் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
வெளியே போனது - 1.